கைமாறும் திரை

தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மில் பலருக்குத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவுகள் நினைவிருக்கும். படச்சுருளைக் கொண்டு வந்தவர் யார், அதற்கு வாடகை கொடுத்தவர் யார் என்று அன்று நாம் கேட்டதில்லை. பாயை விரித்து அமர்ந்தோம். படம் முடிந்ததும் உறங்கிவிட்ட தம்பி தங்கையரைத் தோளில் சாய்த்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பினோம். பின்னர் ஒளிநாடா வந்தது. பட்டணத்துக் கடையில் வாடகைக்கு எடுத்து வந்த நாடாவை இரவோடு இரவாக மூன்று குடும்பங்கள் கூடிப் பார்த்ததுண்டு. சிலர் விலைக்கே வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்தனர். தேய்ந்து கோடு விழுந்த நாடாவாயினும், அது அலமாரியில் இருந்த வரையில் எவரும் வந்து எடுத்துச் சென்றுவிட முடியாது.

இன்று நிலைமை வேறு. திங்கள்தோறும் சந்தா செலுத்துகிறோம். கைப்பேசியிலோ தொலைக்காட்சியிலோ ஒரு செயலியைத் திறக்கிறோம். ஆயிரக்கணக்கான படங்களும் தொடர்களும் கண்முன் விரிகின்றன. இதனை இயங்கலைத் திரைச் சேவை என்று இக்கட்டுரையில் குறிப்பிடுவேன். இதில் நாம் விலை கொடுத்துப் பெறுவது படத்தை அன்று. படத்தைப் பார்ப்பதற்கான அனுமதியையே பெறுகிறோம். அவ்வனுமதியை வழங்கும் நிறுவனம் மற்றொன்றோடு இணைக்கப்படும்போது, அல்லது விற்கப்படும்போது, சந்தா செலுத்தியவரின் நிலை யாதாகிறது? இவ்வினாவுக்கு விடை தேட, ஸ்டார் என்னும் நிறுவனத்தின் முப்பத்து நான்கு ஆண்டுக் கதையை எடுத்துக்கொள்ளலாம் எனக் கருதினேன். அதனினும் பெரிய இணைப்புகள் அமெரிக்காவில் நிகழ்ந்துள்ளன. ஆயினும் ஸ்டாரின் கதையில் நம் வீட்டுக் கூடத்தில் ஒலித்த தமிழ் அலைவரிசை ஒன்றும் அடங்கியிருக்கிறது.

ஸ்டார் தொலைக்காட்சி 1991ஆம் ஆண்டு ஹாங்காங்கில் பிறந்தது. லீ கா ஷிங் என்னும் பெருஞ்செல்வரின் ஹட்சிசன் வாம்போவா நிறுவனம் அதனைத் தோற்றுவித்தது. ஆசியாசாட் செயற்கைக்கோளின் வழியே ஒரே நேரத்தில் ஆசியாவின் பெரும்பகுதியை எட்டக்கூடிய அலைவரிசைகள் அதில் இருந்தன. பிபிசியின் செய்தி அலைவரிசையும் அவற்றுள் ஒன்று. 1993ஆம் ஆண்டு ஜூலையில் ரூபர்ட் மர்டோக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் 52 கோடியே 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அதன் 63.6 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் இலண்டனில் பேசிய மர்டோக், புதிய தொலைத்தொடர்புக் கருவிகள் சர்வாதிகார ஆட்சிகளுக்கு அச்சுறுத்தலாகும் என்ற பொருள்படக் கருத்துரைத்தார். சீன அரசு இதனை இரசிக்கவில்லை. சில வாரங்களிலேயே அங்குத் தனியார் வீடுகளில் செயற்கைக்கோள் தட்டு வைப்பதற்குத் தடை வந்தது. 1994ஆம் ஆண்டு, சீனாவை நோக்கிய ஒளிபரப்பிலிருந்து பிபிசி நீக்கப்பட்டது.

வரலாறு பயிலும் மாணவர்கள் இவ்விடத்தில் சற்றே நின்று நோக்க வேண்டும். பிபிசியைப் பார்த்து வந்த ஒருவர் செய்த பிழை யாது? ஒன்றுமில்லை. அலைவரிசை பழுதுபடவில்லை, பார்ப்பார் இன்மையால் மூடப்படவுமில்லை. உரிமையாளர் மாறினார், புதிய உரிமையாளர்க்கு வேறொரு சந்தையில் வேறொரு கணக்கு இருந்தது. இணையம் பரவுவதற்கு முந்திய இந்நிகழ்ச்சியே பின்னர் நடந்த அனைத்துக்கும் முன்மாதிரியாக எனக்குத் தோன்றுகிறது.

இனி, தமிழகத்துக்கு வருவோம். 1994ஆம் ஆண்டு என்.பி.வி. இராமசாமி உடையார் கோல்டன் ஈகிள் கம்யூனிகேஷன் என்ற பெயரில் சென்னையில் ஒரு தொலைக்காட்சியைத் தொடங்கினார். அதனை வாங்கிய விஜய் மல்லையா, விஜய் தொலைக்காட்சி எனப் பெயர் மாற்றினார். பின்னர் அது யூடிவி நிறுவனத்தின் கைக்குச் சென்று, 2001ஆம் ஆண்டில் ஸ்டாரின் பெரும்பங்கு உடைமையாயிற்று. ஏழு ஆண்டுகளில் நான்கு கைகள்! பெயர் சூட்டியவர் போய்விட்டார். பெயர் மட்டும் நின்றது.

கைமாற்றம் எப்போதும் கேடு என்று சொல்லிவிட இயலாது. ஸ்டாரின் முதலீட்டோடு வளர்ந்த விஜய் தொலைக்காட்சியில் 2006ஆம் ஆண்டில் 'நீயா நானா' தொடங்கியது. எதிரெதிர் அணியினர் அமர்ந்து வாதிடும் அந்நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வகுப்பில் நாற்காலிகளை இரு பக்கமும் இழுத்துப் போட்டுக்கொண்டு விவாதம் நடத்திய மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். 'சூப்பர் சிங்கர்' நம் பிள்ளைகளின் பாட்டு ஆசையைத் தூண்டியதையும் மறுப்பதற்கில்லை. ஆஸ்ட்ரோ வழியாக அவ்வலைவரிசை நம் நாட்டு இல்லங்களை எட்டியபோது, அதற்குப் பின்னால் நியூயார்க்கில் ஒரு தலைமையகம் இருப்பதைப் பற்றி எவரும் எண்ணியதில்லை. எண்ண வேண்டிய தேவையும் அன்று எழவில்லை.

2015ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஸ்டார் இந்தியா ஹாட்ஸ்டார் என்னும் இயங்கலைச் சேவையைத் தொடங்கியது. அவ்வாண்டின் உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டி அதற்கு நல்ல முகூர்த்தமாக வாய்த்தது. 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐபிஎல் போட்டிகளின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமையை 16,347 கோடியே 50 இலட்சம் ரூபாய்க்கு ஸ்டார் பெற்றது. கிரிக்கெட் ஆட்டம் இக்கட்டுரையில் அடிக்கடி தலைகாட்டுவதற்கு ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். இந்தியாவில் இயங்கலைச் சேவைகளின் ஏற்றமும் இறக்கமும் அந்த ஆட்டத்தைச் சுற்றியே நிகழ்ந்தன.

அடுத்த கைமாற்றம் கடல் கடந்து நடந்தது. மர்டோக் தம் டுவென்டி பர்ஸ்ட் செஞ்சுரி பாக்ஸ் நிறுவனத்தின் பெரும்பகுதியை விற்க முன்வந்தார். டிஸ்னியும் காம்காஸ்ட்டும் போட்டியிட்டு விலையை ஏற்றின. முடிவில் 71.3 பில்லியன் டாலருக்கு டிஸ்னி வென்றது. 2019ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் கைமாற்றம் நிறைவேறியது. ஸ்டார் இந்தியாவும், அதனோடு விஜய் தொலைக்காட்சியும், ஹாட்ஸ்டாரும் அந்தப் பெருமூட்டைக்குள் இருந்தன. சென்னையில் எடுக்கப்பட்ட தொடரும் மிக்கி எலியும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஆயின.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் இந்தியாவில் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் என்ற புதுப்பெயரோடு சேவை வந்தது. ஆண்டுக்கு 999 ரூபாயாக இருந்த உயர்நிலைச் சந்தா 1,499 ரூபாயாயிற்று. டிஸ்னியின் படக்களஞ்சியம் கூடுதலாகக் கிடைத்தது என்பது உண்மையே. அதே ஆண்டு முதல் அச்சேவையில் ஐபிஎல் ஆட்டங்களை நேரலையில் காணவும் சந்தா கட்ட வேண்டியதாயிற்று. நம் நாட்டில் அதே பெயர் கொண்ட சேவை 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், மூன்று மாதங்களுக்கு 54.90 ரிங்கிட் என்ற விலையில் வந்து சேர்ந்தது.

இவ்வாறு ஒரே வீடாக இருந்த இடத்தில் 2022ஆம் ஆண்டு ஜூனில் சுவர் எழுந்தது. ஐபிஎல் உரிமையைத் தொலைக்காட்சிக்குத் தனியாகவும் இயங்கலைக்குத் தனியாகவும் ஏலம் விட்டனர். தொலைக்காட்சி உரிமை 23,575 கோடி ரூபாய்க்கு டிஸ்னி ஸ்டாருக்குக் கிடைத்தது. இயங்கலை உரிமையையோ ரிலையன்ஸ் குழுமத்தைச் சார்ந்த வயாகாம்18 நிறுவனம் 23,758 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. திரையில் பார்ப்பதற்கு ஒருவர், கைப்பேசியில் பார்ப்பதற்கு மற்றொருவர் என்றாயிற்று.

இதன்பின் நடந்ததுதான் இக்கதையில் நம் கவனத்துக்கு உரிய பகுதி. ரிலையன்ஸ் தன் ஜியோசினிமா சேவையில் 2023ஆம் ஆண்டின் ஐபிஎல் ஆட்டங்கள் அனைத்தையும் எவருக்கும் இலவசமாகக் காட்டியது. இறுதி ஆட்டத்தின்போது ஒரே நேரத்தில் 3 கோடியே 20 இலட்சம் பேர் அதனைப் பார்த்ததாக நிறுவனம் அறிவித்தது. மறுபுறம், ஹாட்ஸ்டாரின் சந்தாதாரர் தொகை 2022 அக்டோபர் தொடக்கத்தில் 6 கோடியே 13 இலட்சமாக இருந்து, 2023 செப்டம்பர் இறுதியில் 3 கோடியே 76 இலட்சமாகச் சுருங்கியது. ஆகவே ஹாட்ஸ்டாரும் இறங்கி வந்தது: அவ்வாண்டின் ஆசியக் கிண்ணத்தையும் உலகக் கிண்ணத்தையும் கைப்பேசியில் இலவசமாகக் காணலாம் என்றது. நவம்பர் 19ஆம் நாள் நடந்த உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் 5 கோடியே 90 இலட்சம் பேர் கண்டனர். 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜியோசினிமா தன் விளம்பரமற்ற சந்தாவை மாதம் 29 ரூபாய் என்ற அளவுக்குக் குறைத்தது. ஒரு குவளைத் தேநீரின் விலை என்று சொல்லலாம்.

இரண்டு கடைகள் எதிரெதிரே இருந்தபோது வாடிக்கையாளர்க்கு நல்வரவு கிடைத்தது. அவ்விருவரும் இதனால் இழந்த பணம் பெரிது என்பதையும் மறைக்கலாகாது. இப்படியே நெடுநாள் நடத்தியிருக்க முடியாது என்று அவர்கள் தரப்பில் வாதிட இடமுண்டு.

இதே காலத்தில் பார்வையாளர்க்கு மற்றோர் அனுபவமும் கிடைத்தது. ஹாட்ஸ்டாரில் இருந்த அமெரிக்க எச்பிஓ நிறுவனத்தின் தொடர்கள் அனைத்தும் 2023ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாளோடு நீங்கின. 'கேம் ஆப் துரோன்ஸ்' தொடரைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தவரின் ஓராண்டுச் சந்தா ஓடிக்கொண்டே இருந்தது. தொடர் மட்டும் இல்லை. அடுத்த மாதமே அத்தொடர்கள் ஜியோசினிமாவுக்குச் செல்வதாக அறிவிப்பு வந்தது. முதற்கடையில் பணம் கட்டியவர், தாம் பார்த்துக்கொண்டிருந்ததைத் தொடர இரண்டாம் கடைக்கும் போக வேண்டியிருந்தது.

எச்பிஓவின் சொந்த ஊரில் நடந்ததை இங்கே சிறிது சொல்ல வேண்டும். கல்வியோடு தொடர்புடைய செய்தி அதில் உண்டு. எச்பிஓவின் தாய் நிறுவனமான வார்னர், 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் டிஸ்கவரி நிறுவனத்தோடு இணைந்தது. இணைந்த நிறுவனத்தின் தலையில் ஐம்பது பில்லியன் டாலருக்கு மேற்பட்ட கடன் இருந்தது. செலவைக் குறைக்கும் வழிகளைத் தேடினர். முடியும் நிலையிலிருந்த 'பேட்கேர்ள்' என்னும் படத்தை வெளியிடுவதில்லை என்று அவ்வாண்டு ஆகஸ்டில் முடிவு செய்தனர். அதே மாதம், சிறுவர்க்கு எழுத்தும் எண்ணும் கற்பித்துப் புகழ்பெற்ற 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியின் ஏறக்குறைய இருநூறு பழைய பகுதிகளையும் எச்பிஓ மேக்ஸ் சேவையிலிருந்து அகற்றினர். 1969ஆம் ஆண்டு பொதுத் தொலைக்காட்சியில் தொடங்கிய நிகழ்ச்சி அது. மூன்று தலைமுறைப் பிள்ளைகள் கண்டது. ஒரு நிகழ்ச்சி சேவையில் இருக்கும் வரையில், அதன் எழுத்தாளர்க்கும் நடிகர்க்கும் தொடர்ந்து சிறு தொகை கொடுக்க வேண்டியிருக்கும். கணக்கேட்டிலும் அது சுமையாகவே நிற்கும். எடுத்துவிட்டால் சுமை குறையும். நூலகத்தில் ஒரு புத்தகம் இருக்கும் ஒவ்வொரு நாளும் நூலகர் வாடகை கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தகம் முதலில் வெளியேறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மீண்டும் இந்தியாவுக்குத் திரும்புவோம். போட்டியில் களைத்த இருவரும் 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் ஒன்றுசேர உடன்பட்டனர். 70,352 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்ட கூட்டு நிறுவனத்தில் ரிலையன்ஸ் தரப்புக்குப் பெரும்பங்கும், டிஸ்னிக்கு 36.84 விழுக்காடும் என்று வகுத்துக்கொண்டனர். இந்தியப் போட்டி ஆணையம் ஆகஸ்டு 28ஆம் நாள் சில மாற்றங்களோடு இசைவளித்தது. நவம்பர் 14ஆம் நாள் இணைப்பு நிறைவுற்றது. விஜய் தொலைக்காட்சி ஐந்தாம் முறையாக அல்லது ஆறாம் முறையாகக் கைமாறியது. எப்படி எண்ணுவது என்பதைப் பொறுத்தது அது. ஹாட்ஸ்டார் என்ற பெயரில் இந்தியாவில் இருந்த சேவை புதிய கூட்டு நிறுவனத்தோடு போயிற்று. அதே பெயரோடு நம் நாட்டில் நடந்த சேவை டிஸ்னியிடமே நின்றது. பங்காளிகள் பாகம் பிரித்தது போலத்தான்.

ஆணையம் விதித்தவற்றையும் ஏற்றவற்றையும் படித்துப் பார்த்தால் ஒரு செய்தி புலனாகும். கிரிக்கெட் ஒளிபரப்பின் இடையே வரும் விளம்பர நேரத்தைத் தொலைக்காட்சிக்கும் இயங்கலைக்கும் சேர்த்துக் கட்டி விற்பதில்லை என்று நிறுவனங்கள் வாக்களித்திருந்தன. சில அலைவரிசைகளை விற்றுவிடவும் இசைந்தன. விளம்பரம் தருவோரின் நலன் இவ்வாறு எழுத்தில் இடம்பெற்றது. மாதம் 29 ரூபாய் கட்டியவரின் நலனைப் பேச அந்த மேசையில் நாற்காலி இருந்ததாகத் தெரியவில்லை. ஆணையத்தைக் குறை கூற இதனைச் சொல்லவில்லை. சந்தைப் போட்டியைக் காப்பது அதன் பணி. பார்வையாளர் நெஞ்சில் ஒரு தொடருக்கு உள்ள இடத்தை அளக்க அதனிடம் படிக்கல் இல்லை.

முன்னொரு காலத்தில் அமெரிக்க நீதிமன்றம் இதனினும் கடுமையாக நடந்துகொண்டது. படம் எடுக்கும் பெருநிறுவனங்களே திரையரங்குகளையும் உடைமையாக வைத்துக்கொண்டு, ஒரு நல்ல படத்தோடு பல சாதாரணப் படங்களையும் சேர்த்துக் கட்டாயமாக விற்றுவந்த வழக்கத்தை 1948ஆம் ஆண்டின் பாரமவுண்ட் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் முறித்தது. எடுப்பவர் வேறு, காட்டுபவர் வேறு என்ற நிலை அதனால் வந்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் அத்தீர்ப்பின் வழிவந்த கட்டுப்பாடுகளை நீக்க நீதிமன்றம் இசைந்தது. இன்றைய இயங்கலைச் சேவையோ எடுப்பதும் தானே, காட்டுவதும் தானே என்று இயல்பாகவே இருக்கிறது.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆயின. ஏறத்தாழ மூன்று இலட்சம் மணி நேர நிகழ்ச்சிகள் இருப்பதாக விளம்பரம் செய்தனர். நாளொன்றுக்கு இடைவிடாமல் இருபத்து நான்கு மணி நேரம் பார்த்தாலும் முடிக்க முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகும். கைப்பேசிக்கான தொடக்கநிலைச் சந்தா, விளம்பரங்களோடு, மூன்று மாதங்களுக்கு 149 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. சில வாரங்களில் தொடங்கிய ஐபிஎல் பருவத்தில், முந்திய இரண்டு ஆண்டுகளில் இருந்த முழு இலவசம் இல்லை. 2020 முதல் 2022 வரை ஒரே கடை, காசு கொடுத்தோம். 2023, 2024 ஆண்டுகளில் இரு கடைகள்; இலவசம். 2025ஆம் ஆண்டில் மறுபடியும் ஒரே கடை. வகுப்பில் கரும்பலகையின் இடப்பக்கம் ஆண்டையும் வலப்பக்கம் விலையையும் எழுதிக் காட்டினால், ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் இது விளங்கும்.

நியாயத்துக்காக மறுபுறத்தையும் எழுதிவிடுகிறேன். இரண்டு சந்தாக்கள் கட்டி வந்தவர்க்கு இப்போது ஒன்று போதும். பிரிந்து கிடந்த எச்பிஓ தொடரும் டிஸ்னி படமும் ஓரிடத்தில் வந்தன. 2023ஆம் ஆண்டில் ஹாட்ஸ்டாரை விட்டு வெளியேறிய தொடர்களை, அதே ஹாட்ஸ்டார் என்ற சொல்லைத் தாங்கிய செயலியிலேயே மீண்டும் காண முடிந்தது. அலைந்து திரிந்து வீடு திரும்பிய பிள்ளைகளைப் போல! இடையில் இரண்டாண்டுகள் அலைந்தவர் பார்வையாளர்தாம்.

பள்ளிக்குள் இது எப்படி நுழைகிறது என்பதற்கு என் அனுபவம் ஒன்று. கடல்வாழ் உயிர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடத்துக்கென ஆசிரியர் ஒருவர் தேர்ந்தெடுத்திருந்தார். ஒரு சேவையில் அவர் சொந்தச் சந்தா கட்டி, எந்த நிமிடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே வினாக் கேட்க வேண்டும் என்று பாடத்திட்டத்தில் குறித்து வைத்திருந்தார். மாணவர்க்கு முதல் பகுதியைப் பற்றிச் சொல்லி ஆவலைத் தூண்டியும் விட்டார். மறுவாரம் பொதுக்கூடத்தில் திரையை இறக்கி, விளக்கை அணைத்துச் செயலியைத் திறந்தால் படம் இல்லை. உரிமைக்காலம் முடிந்திருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். அறிவிப்பு எதுவும் வரவில்லை. "ஐயா, போன வாரம் வீட்டில பார்த்தேனே, இருந்துச்சே!" என்றான் முன்வரிசையில் இருந்த ஒருவன். ஆசிரியர் என்னைப் பார்த்தார்; நான் திரையைப் பார்த்தேன். அன்று நாற்பது நிமிடமும் அவர் கரும்பலகையில் ஆமையும் பவளமும் வரைந்து காட்டினார். ஓவியம் நன்றாகவே இருந்தது என்பது வேறு செய்தி.

அந்நிகழ்ச்சிக்குப் பிறகு பள்ளிக் கிடங்கைத் துப்புரவு செய்தபோது பழைய ஒளிநாடா ஒன்று கிடைத்தது. பள்ளிக் கலைநிகழ்ச்சி என்று அதன் முதுகில் மைப்பேனாவால் எழுதியிருந்தது. பெற்றோர் ஒருவர் படம்பிடித்துக் கொடுத்ததாக இருக்க வேண்டும். அதில் கோலாட்டம் ஆடிய சிறுமியர் இன்று நம் மாணவர்களின் தாய்மார்கள். எந்த நிறுவனம் எதனோடு இணைந்தாலும் அந்நாடா எங்கள் கிடங்கில்தான் இருக்கும். ஆனால் அதனை ஓட்டும் பொறி பள்ளியில் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். தம் தந்தையார் வீட்டுப் பரண்மேல் அப்படியொரு பொறி கிடப்பதாகவும், ஓடுமா ஓடாதா தெரியவில்லை என்றும் ஓர் அம்மையார் சொன்னார். அடுத்த சனிக்கிழமை கொண்டுவருவதாக இருக்கிறார்.